குயிலுன்னு கூப்பிட்டா...

"மாப்ள, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இப்பவே கேக்கணும்."

வரதராசன்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் பெரம்பலூரில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார் இருதயநாதன். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

"உக்காருங்க மாமா. ஆனி கொல்லையில துணி காயப்போடுறா, கூப்பிடுறேன்" என்றான் செபஸ்டின்.

"என்னன்னு கூப்பிடுவீங்க? குயிலுன்னா?"

கொல்லைப் பக்கம் போகத் திரும்பிய செபஸ்டின் நின்றுவிட்டான்.

"பக்கத்து வூட்டு பரிமளா போன்ல சொல்லுச்சு. தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறீங்களாமே! குயிலுன்னா எங்க ஊர்ல என்ன அர்த்தம் தெரியுமா? கோயில்ல என் பொண்ணு பாட எந்திரிச்சா, 'குயிலு எந்திரிச்சிருச்சு'ன்னு சனம் பேச்சை நிறுத்தும். அந்தப் பேருங்க அது. தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் கம்மிப்போயி, என்கிட்ட போன்லகூடப் பேச மாட்டேங்குறா, மெசேஜ்தான் அனுப்புறா. அந்தப் புள்ளயப் போயி நக்கல் பண்ண எப்படி மனசு வந்துச்சு?"



"நக்கல் இல்ல மாமா. பேசப் பேசத்தான் குரல் திரும்பும், சும்மா விட்டா இப்படியே நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனின்னு கூப்பிட்டா வந்து நிப்பா, தலையாட்டுவா, போயிடுவா. கெஞ்சிக்கூடப் பாத்துட்டேன். தன் குரல் தனக்கே புடிக்கலன்னு எழுதிக் காட்டுறா."

"அதுக்கு?"

"ஒருநாள் வாய் தவறி குயிலுன்னுட்டேன். வந்துச்சு பாருங்க கோவம்! திட்டித் தீத்துட்டா. ஆபரேஷனுக்கு அப்புறம் அவ வாயத் தொறந்து பேசுன மொத பேச்சு அதான் மாமா. அன்னையிலேருந்து திட்டு வாங்கத்தான் கூப்பிடுறேன்."

இருதயநாதன் நம்பாமல் பார்த்தார்.

செபஸ்டின் கொல்லைப் பக்கம் திரும்பி, "ஏ குயிலு!" என்று கத்தினான்.

"அப்படிக் கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது? மானம் போவுது!"

கரகரத்த, நடுநடுவே காற்றாகிப்போன குரல். ஆனாலும் கொல்லையிலிருந்து கூடம்வரை கேட்டது. முடிவில் லேசாக ஒரு சிரிப்பும்.

மாதக்கணக்காக மகள் குரலைக் கேட்காத இருதயநாதன், மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள... இன்னொரு தடவை கூப்பிடுங்க."