இரவல் கோல்

டமார்!

யெர்லானின் கோல் மூன்று துண்டாகத் தெறித்தது.

ஆள் மெத்தையில் கிடந்தான். எழுந்தான். கை கால் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. அப்பாடா.

தன் முறைக்காக ஓரத்தில் நின்ற இவனுக்கும் மூச்சு வந்தது.

மூச்சோடு வேறொன்றும் வந்தது. வெளியே சொன்னால் வெட்கம்.

சந்தோஷம்.

ஆசிய உள்ளரங்கத் தடகளம், ஆண்கள் ஹெப்டத்லான். இரண்டு நாளில் ஏழு போட்டி. ஓட்டம், நீளம், குண்டு, உயரம், தடை ஓட்டம் எல்லாம் முடிந்து இது ஆறாவது, கோலூன்றித் தாண்டுதல். இதுவரை சேர்ந்த புள்ளிக் கணக்கில் கஜகஸ்தான்காரன் யெர்லான் மூன்றாம் இடத்தில். இவன் நான்காவது. நான்காவதுக்கு யார் பதக்கம் கொடுக்கிறார்கள்? வெறுங்கையோடு ஊர் திரும்பினால் அடுத்த முகாமில் இவன் பெயர் இருக்காது. முப்பது வயதுக்காரனை மறுபடி கூப்பிட அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

யெர்லான் இன்னும் ஓர் உயரமும் தாண்டவில்லை. இரண்டு முறை குறுக்குக் கம்பியைத் தட்டிவிட்டான். மூன்றாவது முறை கோல் உடைந்தது. உடைந்தது கணக்கில் வராது, இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவும் போனால் இந்தப் போட்டிக்குப் புள்ளி சுழி. சுழி வாங்கியவனுக்குப் பதக்கமாவது, ஒன்றாவது!

வாய்ப்பு இருக்கிறது. கோல்தான் இல்லை.

பையில் மிச்சம் இருந்தவை மெலிந்த கோல்கள். யெர்லானின் எடையைத் தாங்காது. அந்த எடைக்குத் தோதானது அரங்கத்தில் ஒன்றே ஒன்று.

அது இவன் கையில் இருந்தது.

"லேய் மக்கா, குடுத்துராதல! பாக்காத மாரி அந்தப் பக்கம் திரும்பி நில்லு!"

வேலிக்கு அப்பாலிருந்து இவனுடைய பயிற்சியாளர் டென்னிசன் மாஸ்டர். நாகர்கோவில் தமிழ் அங்கே யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் தொண்டை கிழியக் கத்தினார்.

இவன் திரும்பித்தான் நின்றான். நல்ல பிள்ளை.

யெர்லான் கேட்கவே இல்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் முடியாது என்று தலையாட்டியிருக்கலாம். அவன் பாட்டுக்கு மெலிந்த கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடுபாதையின் முனைக்கு நடந்தான்.

அதுவும் உடையும். யெர்லானுக்கும் தெரியும்.

சே!

இவன் கால் தானாக நடந்தது. கோலை நீட்டினான்.

நடுவர் குறுக்கே வந்தார். சொந்தக்காரன் வாய்விட்டுச் சம்மதம் சொல்லாமல் அடுத்தவன் கோலைத் தொடக்கூடாதாம். விதி அப்படி.

"யெஸ்," என்றான் இவன்.

பின்னால் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டது நன்றாகவே கேட்டது.

யெர்லான் ஓடினான். கோல் வளைந்தது. இவனுடைய கோல், இவனிடம் ஒருநாளும் அப்படி வளைந்ததில்லை. வளைந்து நிமிர்ந்து ஆளைத் தூக்கி எறிந்தது. கம்பி அசையவே இல்லை.

"ஏய்ய்!" என்று கத்தியது யாரென்று பார்த்தால், இவனேதான்.

அதற்குப் பிறகு இருவரும் ஒரே கோலை மாற்றி மாற்றி வாங்கித் தாண்டினார்கள். கம்பி ஏற ஏறக் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. கடைசியில் ஓர் உயரத்தில் யெர்லான் மூன்று முறையும் தட்டிவிட்டு ஒதுங்கினான்.

அதே உயரம். இவனும் இரண்டு முறை தட்டியாயிற்று.

மாஸ்டர் கோபத்தை மறந்து கணக்குப் போட்டிருந்தார்.

"இதத் தாண்டிட்டா மூணாவது எடம் நமக்குதாம்ல. கடைசியா வர்ற ஆயிரம் மீட்டர் ஓட்டத்துல அவன் என்ன பாஞ்சாலும் எட்டாது. தாண்டலன்னா போச்சு."

இவன் பிறந்ததிலிருந்து தாண்டாத உயரம்.

கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை வழக்கமான இடத்தில்தான் பிடித்திருந்தது.

யெர்லான் பக்கத்தில் வந்து நின்றான். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கோலில் மேலே இருந்த இவனுடைய கையைப் பற்றினான். விரல்களைப் பிரித்தான். கோலில் ஒரு பிடி மேலே ஏற்றி, மறுபடி மூடினான்.

அழுத்தி மூடினான்.

வருடம் முழுக்க மாஸ்டர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மேல பிடில, மேல பிடில. போன முறை அப்படிப் பிடித்துத்தான் அந்தரத்தில் நின்று, முதுகு அடிபடத் தரையில் வந்து விழுந்தான். அன்றிலிருந்து அந்த இடத்துக்குக் கை போனதே இல்லை.

இப்போது போய்விட்டது. எடுக்க மனம் வரவில்லை.

நடுவர் கடிகாரத்தைக் காட்டினார்.

ஓடினான்.

ஊன்றினான்.

அடேயப்பா, என்ன வளைவு!

கால் மேலே, தலை கீழே. ஒரு நொடி பயம் என்ற ஒன்றே இல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து இவன் எதையும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது. கம்பியை மார்பு உரசியது. ஐயோ, உரசியேவிட்டது.

மெத்தையில் மல்லாந்து விழுந்தான்.

மேலே கம்பி ஆடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

தலையை மட்டும் திருப்பி, யெர்லானைத் தேடினான்.

யெர்லான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, "ஏய்ய்!" என்று குதித்துக்கொண்டிருந்தான்.