இடது பெடல்

இடது பெடல் அசைவேனா என்றது.

அவள் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். காலைச் சுவரில் முட்டுக் கொடுத்து இழுத்தாள். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாகிவிட்டது. சனியன், ஒட்டிப் பிறந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

வலது பெடல் இப்படிப் படுத்தவில்லை. இடப்பக்கமாக ஒரு சுற்று, கிரீச்சென்று ஒரு சத்தம், கழன்று கையோடு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் இதையும் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் அவள் வீட்டுக்காரருடையது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் ரேஸ் ஓட்டியது. மெல்லிய டயர், கிடாக்கொம்பாகக் கீழே வளைந்த ஹேண்டில்பார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்ததை இறக்கிக்கொண்டு வந்து, கூடத்தில், அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடத்தியிருந்தாள்.

கட்டிலில் அவர் கிடந்தார்.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரே வாரலாக வாரிக்கொண்டு போய் மாதக்கணக்காகிறது. எதுவும் மனதில் பதிவதில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இடது கை மட்டும் சில நேரம் தானாக ஆடும். அது வெறும் நரம்புத் துடிப்பாம்.

நாளைக்கு அவரை ஏற்றிக்கொண்டு போகக் காப்பகத்திலிருந்து வண்டி வருகிறது. அவளுடைய தங்கைதான் அலைந்து திரிந்து இடம் பிடித்துக் கொடுத்தாள். அங்கே போனவர்கள் யாரும் வீடு திரும்பியதாக அவளுக்குத் தெரிந்து இல்லை.

அதற்குள் இந்தச் சைக்கிளைப் பழைய கோலத்தில் ஒரு தடவை அவருக்குக் காட்டிவிட வேண்டும். கண்ணில் ஒரு சின்ன மினுக்குத் தெரிந்தால் போதும், வண்டியை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். தெரியாவிட்டால் ஏற்றிவிட வேண்டியதுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இவளுக்கும் மூளை பிசகிவிட்டது என்பார்கள்.

கடையில் கொடுத்துச் சரி பண்ணுகிற நிலைமையா இப்போது? துருவுக்கு வினிகரும் கசக்கிய அலுமினியத் தாளும். செயினுக்கு மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும். டயர், பிரேக் கட்டை, மாற்றுப் பெடல் எல்லாம் பழைய இரும்புக் கடையில் தொண்டை வறளப் பேரம் பேசி வாங்கியவை. காலமெல்லாம் கரிப்பாத்திரம் தேய்த்தவளுக்குத் துரு என்ன பெரிய கொம்பா? கம்பி கம்பியாகத் தேய்த்து வெளுக்க வைத்துவிட்டாள்.

அவரோ இத்தனை நாளும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மினுக்காவது ஒன்றாவது.

பின்னால் சட்டென்று ஏதோ உருண்டது. அவர் கை ஆட ஆரம்பித்திருந்தது. ஸ்டூலிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டு, தண்ணீரெல்லாம் தரையில்.

"நீங்க வேற ஏங்க உயிரை வாங்கறீங்க? கொஞ்சம் சும்மா இருங்களேன்."

துண்டை எடுத்து அந்தக் கையைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். இப்படிக் கட்டுவது புதிதில்லை. தரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பெடலிடம் போனாள்.

ஸ்பேனருக்கு ஒரு பழைய குழாயை மாட்டி, உடம்பு பாரம் முழுக்கப் போட்டு இடப்பக்கமாக அழுத்தினாள். ஸ்பேனர் வழுக்கியது. விரல் முட்டிகள் சட்டத்தில் போய் இடித்துத் தோல் உரிந்தன.

அதோடு அவளும் விட்டுவிட்டாள். கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஒரு பெடலைக் கழற்ற வக்கில்லை, இந்த லட்சணத்தில் ஒரு மனுஷனைத் திருப்பிக் கொண்டுவரப் போகிறாளாம்.

காதருகே துணி உரசிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தாள்.

கட்டிய கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மூடியிருந்தன. மணிக்கட்டு வலப்பக்கம் திரும்பியது. பழைய இடத்துக்கு வந்தது. மறுபடியும் வலப்பக்கம். துண்டு இழுத்துப் பிடித்தும் அது நிறுத்தவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். பெடலைப் பார்த்தாள்.

ஸ்பேனரை மாட்டி, வலப்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினாள்.

டக்கென்று விட்டுக்கொடுத்தது. அடுத்த சுற்றில் வெறும் விரலாலேயே திருக வந்தது. இடது பெடலுக்கு மட்டும் திருகு மரை தலைகீழாக வெட்டியிருக்கும் என்பது சைக்கிளோடு புரண்டவர்களுக்குத் தெரியும். அவளுக்கு எங்கே தெரியும்?

அவருக்குத் தெரியும்.

பெடலைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். துண்டின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்த்து, அந்தக் கையைத் தன் கிரீஸ் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"இருக்கீங்களா? உள்ளதான் இருக்கீங்களா?"

அவர் கூரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். நேராக, தெளிவாக. வண்டி வரட்டும், வந்த வழியே போகட்டும் என்று நினைத்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

போன் அடித்தது.

தங்கை. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். தினமும் இதே கட்டில் விளிம்பில், அவர் தலைமாட்டில் உட்கார்ந்துதான் இவளும் பேசுவாள். யாருக்குக் கேட்கப் போகிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவாள். பிணத்துக்குக் காவல் இருக்கிறேன் என்று. என்னைக் கொன்றுவிட்டுத்தான் இது போகும் என்று. மருந்தை நிறுத்திவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று யாரையாவது விசாரித்துச் சொல்லேன் என்று.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

அவர் தன் கையை மெல்ல உருவிக்கொண்டார். அவள் பேசுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்பதுபோல, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.