அலமாரிப் பாட்டு

அந்த நாவலை வாசித்தவர்கள் குறைவு. ஆனால் வாசித்தவர்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டே திரிவார்கள். அலமாரிக்குள் அகப்பட்டு, கடைசிப் பக்கம்வரை வெளியே வராத ஒருவனின் கதை அது. யதுகுலனின் லண்டன் ராக் குழு அதைப் பாட்டாக்கியிருந்தது. ஒவ்வொரு கச்சேரியின் முடிவிலும் அவன் மேடையிலிருக்கும் பழைய அலமாரிக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு பாடுவான். முடிந்ததும் தள்ளித் திறந்துகொண்டு வருவான். புத்தகத்தில் அப்படி இல்லையே என்று ரசிகர்கள் முனகுவார்கள்.

இன்று பாட்டு முடிந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஒருவழியாகப் புத்தகத்துக்கு உண்மையாக இருக்கிறான் என்று கூட்டம் குதித்தது. டிரம்மர் அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினான்.

"அக்கா, கதவு இறுகிப்போச்சு! மூச்சு முட்டுது, திறவுங்கோ!"

அர்த்தம் தெரியாமலே கூட்டம் அதைத் திருப்பிப் பாடியது. அங்கே தமிழ் தெரிந்தவள் அவன் அக்கா கௌசிகா மட்டும்தான். நடுவில் நெருக்குண்டு நின்றவள், "ஐயோ, என்ர தம்பி உள்ளுக்க மாட்டிட்டான், வழி விடுங்கோ!" என்று கத்தினாள். ஆங்கிலத்திலும் கத்தினாள். பக்கத்திலிருந்த நரைத்த தாடிக்காரர் சிரித்தபடி தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். அதிலும் வெளியே ஒரு அக்கா கத்திக்கொண்டிருந்தாள்.

யாரும் நகரவில்லை. தட்டல் மெதுவானது. டிரம்மர் தாளத்தைக் குறைத்துக்கொண்டான்.