இறங்கிக்கொண்டவன்

வெள்ளம் முதல் மாடியைத் தொட்டபோது மீனவர் குப்பத்திலிருந்து ஒரு படகு வந்தது. யாரும் கூப்பிடாமலே வந்த இருவரில் ஒருவன் ஜெரால்டு. கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். உதட்டிலிருந்து காதுவரை வெட்டுத் தழும்பு. காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டபடி பால்கனியில் நின்றிருந்த சுகந்தி, அவனைக் கண்டதும் பின்வாங்கினாள்.

“நாங்க போலீஸ் படகுல வந்துக்கிறோம்.”

“அது இந்தாண்ட வராதுக்கா. தண்ணி ஏறிக்கினே இருக்கு.”

அவள் அசையவில்லை. குழந்தை அவன் முகத்தைப் பார்த்து வீறிட்டது. ஜெரால்டு துடுப்பைக் கூட்டாளி சகாயத்திடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

“நான் வரலக்கா. இவன் இட்டுனு போவான். ஏறுங்க.”

அவள் ஏறினாள். நீரோட்டம் படகை வேகமாக இழுத்துக்கொண்டு போனது.

“அவரு?” என்றாள்.

“திரும்பி வந்து கூட்டிக்கணும்,” என்ற சகாயம் இருண்டுவரும் வானத்தைப் பார்த்தான்.

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். பால்கனிக் கம்பியைப் பற்றியபடி கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்த ஜெரால்டு, குழந்தையின் கண்ணில் பட்டுவிடாதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.