கணக்குத் தாளில் ஒரு வெட்டு

பத்தாம் வகுப்பின் ஜன்னல்களை ரப்பர் மரங்கள் அடைத்து நிற்பதால் பகலிலும் உள்ளே பச்சை இருட்டு. கணக்குப் பரீட்சை நடக்கிறது. போன வருடம் முதலாவதாக வந்த தவமலர், அம்மா நோயில் விழுந்ததிலிருந்து விடியலில் அவளுக்குப் பதிலாக ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். அவள் கண்கள் திறந்திருக்கின்றன, இமைக்கவில்லை. ஒட்டுப்பால் காய்ந்த விரல்களில் பேனை, இடது மேலிருந்து வலது கீழாக, ஒரே கோட்டில் சரக் சரக்கென்று திரும்பத் திரும்ப இழுபடுகிறது. தாள் கிழிந்துவிட்டது. கிழிசலின் கீழ்நுனியில் மற்றக் கை, பால் ஏந்தும் சிரட்டையாகக் குவிந்து காத்திருக்கிறது. லோரன்ஸ் சேர் குனிந்து, “தவமலர், என்னம்மா செய்ற?” என்கிறார். “இந்த மரத்த வெட்டிட்டு வந்துடுறேங்க சேர்.” அவர் மெல்ல நிமிர்கிறார். பின்வரிசைகளிலிருந்தும் அதே சரக் சரக் கேட்கிறது.