இரண்டாவது திரை

"இதுல ரெண்டு வேணும்ணே" என்று அந்தப் பெண் சின்னத் திரையைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள்.

ஒன்று போதும் என்று அப்போதுதான் தொண்டை வற்றச் சொல்லி முடித்திருந்தேன்.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடை வைத்து எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எதற்கு வாங்குகிறீர்கள் என்று யாரையும் கேட்க மாட்டேன். என்னென்ன பாகம் கேட்கிறார்கள் என்று பார்த்தால் போதும், என்ன செய்யப்போகிறார்கள் என்று நானே சொல்லிவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

இவள் கேட்டது மூன்று பொருள். மூன்று நாள் தாங்குகிற பேட்டரி. உச்சி வெயிலிலும் எழுத்துத் தெரிகிற திரை. சிம் கார்டு இல்லாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் எட்டுகிற ரேடியோ. இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற ஜிபிஎஸ் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள்.

ஊர் எது என்றேன். அலங்காநல்லூர்ப் பக்கம் என்றாள். பெயர் முத்துமீனா. பொங்கலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஜல்லிக்கட்டுச் சமாச்சாரந்தானம்மா?" என்றேன்.

வாடிவாசலைத் தாண்டிப் பாய்கிற மாடு சில நேரம் நிற்காது. கூட்டத்துக்கு மிரண்டு வயல், தோப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். அவிழ்த்துவிட்ட வீட்டுக்காரர்கள் கயிற்றோடு பின்னால் அலைவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"போன வருசம் மூணு நாள் தேடுனோம்ணே. பாழுங்கிணத்துக்குள்ள இருந்துதான் தூக்குனோம். இந்த வருசம் ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சிரணும். இன்னொரு தடவைன்னா அம்புட்டுத்தான்."

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. மாட்டைப் பிள்ளை மாதிரி வளர்த்திருப்பாள்.

விறுவிறுவென்று எடுத்துப் போட்டேன். ரேடியோவுக்கு லோரா, ஒரு ஜோடி. புளூடூத் இந்தச் சந்தைக்கூடத் தாண்டாது. ஜல்லிக்கட்டு அன்றைக்கு அம்புட்டுக் கூட்டத்தில் ஃபோனும் சரியாக எடுக்காது. லோராவில் பேச முடியாது, படம் அனுப்ப முடியாது, நாலு வார்த்தை மட்டும் போகும். ஆனால் வயல்வெளியில் தூரமாகப் போகும். அவளுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

திரையில் பளபளவென்று மின்னுகிற வகை ஒன்று இருக்கிறது. பசங்களெல்லாம் அதைத்தான் கேட்பார்கள். வெயிலில் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. காகிதத்தில் அச்சடித்த மாதிரி எழுத்து நிற்கிற இன்னொரு வகையைக் காட்டினேன். பேட்டரி தீர்ந்தாலும் கடைசியாக வந்த எழுத்து அதில் அழியாது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

பேட்டரியில்தான் தகராறு. உருளை பேட்டரி இரண்டு எடுத்து வைத்தேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்குண்ணே" என்றாள்.

"நானூறு கிலோ மாட்டுக்கு நூறு கிராம் கனமா?"

தட்டையாக, பிஸ்கட் கனத்தில் இருந்த பேட்டரியை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாடு ஒரு உரசு உரசுனா இது நசுங்கிப் புகைஞ்சிரும். சொன்னாக் கேளும்மா."

கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான், ஒன்று போதும் என்று நான் சொல்லச் சொல்ல, இரண்டாவது திரையைக் கேட்டாள்.

"ஒன்னு உன் கையில இருக்கும். இன்னொன்னு எதுக்கு? மாடு படிக்கப்போகுதா?"

பக்கத்தில் ஃபேன் கெப்பாசிட்டர் வாங்க நின்றவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எழுத்து பெருசா தெரியணும்ணே. தமிழ்ல."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கனம் இல்லாத பேட்டரி, பெரிய எழுத்து, அதுவும் தமிழில். இருபத்திரண்டு வருடத்தில் யாரிடமும் கேட்காததை அவளிடம் கேட்டேன்.

"நான் தோத்துட்டேன் தாயி. நீயே சொல்லு. யாருக்கு இது?"

"அப்பாவுக்கு."

எடுத்து வைத்த பாகங்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மாடு அன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள தானா வீடு வந்து சேந்திருச்சுண்ணே. அதைத் தேடிப் போன அப்பாதான் வரல. ஃபோனை வீட்டுலயே போட்டுட்டுப் போயிட்டாரு. கால் ஒடிஞ்சு மூணு நாள் கிணத்துக்குள்ள கெடந்திருக்காரு. தூக்கினதும் மாடு கெடச்சிருச்சான்னுதான் கேட்டாரு."

கெப்பாசிட்டர்காரர் எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார்.

"இந்த வருசமும் அவருதான் அவுப்பாராம். அவருதான் தேடுவாராம். கால் இன்னும் சரியா ஊன முடியல. வேணாம்னு யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. அதான், இடுப்புல கட்டிவிட்டா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். வீட்டுலேருந்து நான் என்ன அனுப்புறேன்னு அவருக்கும் தெரியணும்ல?"

உருளை பேட்டரிகளை எடுத்து டப்பாவுக்குள் போட்டேன். மனுஷன் நொண்டிக்கொண்டு நடக்கப்போகிறார், அவர் இடுப்பில் போய் இதைத் தொங்கவிடப் பார்த்தேனே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"என்ன எழுத்து வரணும்மா?"

பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டினாள். இரண்டு வரி இருந்தது.

மாடு வந்திருச்சுப்பா.

நீங்களும் வாங்க.

சின்னத் திரையில் பெரிய எழுத்தில் போட்டால் முதல் வரிதான் நிற்கும். நான் ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து அடுத்த அளவுத் திரையை இறக்கினேன்.