தாமதத்துக்குக் காரணம்

கார்டு கேபினை விட்டு இறங்கியதும் முழங்கால் முரண்டு பிடித்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு பையைத் தோளில் மாட்டி நடக்கத் தொடங்கினார்.

மதியம் இரண்டு மணி தாண்டியிருந்தது. காலையிலிருந்து இது நான்காவது நடை.

கடைசி நிலையம். தூண்களின் மேல் வந்த தண்டவாளம் இங்கே மொட்டையாக நின்றுவிடும். வண்டியைத் திருப்ப இடமில்லை. ஆட்கள்தான் இடம் மாற வேண்டும். பின்னால் இருந்த கார்டு அந்தக் கோடிக்கு, வண்டியை ஓட்டி வந்த மோட்டார்மேன் இந்தக் கோடிக்கு.

ஒன்பது பெட்டி நீளம். நடுவில் சந்தித்தே ஆக வேண்டும்.

நடுவில், திறப்பு விழாக் கல்வெட்டுக்குக் கீழே.

ஊர் இதற்குப் பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தது. பறந்து அவர் பார்த்ததில்லை. இந்த நிலையத்துக்கு வந்த முதல் வண்டிக்கு அவர்தான் கார்டு. தனுஷ்கோடி மோட்டார்மேன். வண்டிக்குப் போட்ட மாலையைப் பிய்த்துப் பாதியை அவர் கழுத்தில் மாட்டிவிட்டுச் சிரித்தவன்.

அதன் பிறகு பதினேழு வருடம், கல்வெட்டின் அடியில் நின்று தனுஷ்கோடி வீட்டு டீ.

ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு விடியற்காலை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த தனுஷ்கோடி ஒரு நொடி கண் அசந்தான். வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டி அரைப் பெட்டி தூரம் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கார்டின் புத்தகத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். கை ஒத்துக்கொள்ளவில்லை.

மோட்டார்மேன், என்று எழுதினார்.

ஆறு மாதம் சஸ்பெண்ட். இன்றுதான் மறுபடி இருவருக்கும் ஒரே வண்டி.

பேச்சு இல்லை. மணி மட்டும்தான். கார்டு இரண்டு முறை அழுத்தினால் புறப்படலாம் என்று அர்த்தம். மோட்டார்மேன் பதிலுக்கு இரண்டு முறை அழுத்த வேண்டும். காலையிலிருந்து தனுஷ்கோடி சட்டப்படி அழுத்திக்கொண்டிருந்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கல்வெட்டு வந்தது. தனுஷ்கோடியும் வந்தான். நன்றாக இளைத்திருந்தான்.

இந்தத் தடவை அவர் நின்றார். ஏழு மாதமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட வாயைத் திறந்தார்.

"டைம் ஆவுது, சார்."

நிற்காமல் போய்விட்டான்.

சார்.

யோவ் என்பதைத் தவிர வேறெப்படியும் அவரைக் கூப்பிட்டு அறியாதவன். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மீதி தூரத்தை எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஏறி உட்கார்ந்தார். இருக்கையில் இன்னும் தனுஷ்கோடியின் சூடு இருந்தது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு ஃபிளாஸ்க் மூடி. மேலே செய்தித்தாளை நாலாக மடித்து மூடியிருந்தது.

டீ.

ஒரு வாய் குடித்தார். சர்க்கரை இல்லை. அவருக்குத்தான் சர்க்கரை ஆகாது. தனுஷ்கோடி மூன்று கரண்டி போட்டுக்கொள்கிற ஆள். இது வீட்டிலேயே தனியாகப் போட்டு எடுத்து வந்தது. மூன்று நடைக்கும் பையிலேயே கிடந்திருக்கிறது.

அவருக்குக் கண் கலங்கியது. கைக்கடிகாரம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு பதினேழு. புறப்படும் நேரம்.

இத்தனை வருடத்தில் அவரால் ஒரு வண்டியும் நின்றதில்லை.

ஊதி ஊதிக் குடித்தார். பெட்டியிலிருந்து யாரோ தலையை நீட்டி இந்தப் பக்கம் பார்த்தார்கள். அந்தக் கோடியிலிருந்து ஹாரன் வரவில்லை.

மூடியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த முனையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மணியை இரண்டு முறை அழுத்தினார். அவர் விரலை எடுப்பதற்குள் இரண்டு திரும்பி வந்தது.

வண்டி நகர்ந்த பிறகு புத்தகத்தைப் பிரித்தார். புறப்பட வேண்டியது 2.17. புறப்பட்டது 2.19.

அடுத்தது காரணம்.

கார்டு, என்று எழுதினார்.